வராண்டாவில் பேசிய சம்பளம்

ராஜபாளையத்தில் மில் தொழிலாளி வாங்கிய சம்பளத்துக்கு எழுத்தில் வரலாறு உண்டு. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். 1947-இல் சென்னை மாகாணத்து நூற்பாலைகளுக்காகத் தொழில் தீர்ப்பாயம் அடிப்படைச் சம்பளத்தை நிர்ணயித்துப் பஞ்சப்படியை விலைவாசிப் புள்ளியோடு கட்டியது. 1952-இல் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வந்தபோது அது முதலில் தொட்ட ஆறு தொழில்களில் ஜவுளி ஆலையும் ஒன்று. சங்கம், ஒப்பந்தம், போனஸ் பேச்சு என்று பிறகு நடந்ததெல்லாம் காகிதத்தில் இருக்கிறது. அந்த மில் வாசலில் காலை எட்டு மணிக்கு முதலாளியின் காரைக் கொண்டுபோய் நிறுத்திய டிரைவரின் சம்பளம் மட்டும் எந்தக் காகிதத்திலும் இல்லை. அது வீட்டு வராண்டாவில், ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தும் ஒருவர் தூண் ஓரம் நின்றும் பேசி முடித்த சம்பளம். பேசியவர்கள் போய்ச் சேர்ந்தால் அந்தப் பேச்சும் போய்விடும். அதனால்தான் எனக்குத் தெரிந்த மட்டும் எழுதி வைக்கிறேன்.

எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார்விளாகம். பெரியப்பாவுக்கு வீட்டு டிரைவர் வேலை. அப்பா மில் தொழிலாளி. இரண்டு பேருக்கும் பிழைப்பு ராஜபாளையத்தில். கூட்டுக் குடும்பம் என்பதால் இரண்டு சம்பளமும் அப்பத்தா கைக்கு வரும். அப்பாவுடையது சீட்டோடு வரும்: அடிப்படை, பஞ்சப்படி, பிடித்தம், மீதி. பெரியப்பாவுடையது சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டாக வரும். அப்பாவின் சீட்டைப் பக்கத்து வீட்டுப் பையனை வைத்து வாசிக்கச் சொல்லிக் கணக்குக் கேட்பாள் அப்பத்தா. பெரியப்பாவிடம் கேட்க ஒன்றும் இருக்காது. 'இந்த மாசம் கூடக் குறைய இருக்கா?' என்பாள். 'பேசினது பேசினபடி' என்பார் அவர்.

கார் வருவதற்கு முன் இந்தப் பக்கத்து வசதியான வீடுகளில் வில்வண்டி நின்றது. 1870-களில் போட்ட மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை, இன்றைய விருதுநகரான விருதுபட்டி, சாத்தூர் வழியாகப் போய்விட்டது. விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு ரயில் வந்தது 1927-இல்தான். அதுவரை ரயிலேற வேண்டுமானால் ராத்திரியே வண்டி பூட்ட வேண்டும். வண்டிக்காரருக்கு வருஷக் கூலி, பெரும்பாலும் நெல்லாக. மாட்டுக்குக் கூளம் போடுவதும், அச்சுக்கு மை போடுவதும், வண்டி பூட்டாத நாளில் விறகு பிளப்பதும் அந்தக் கூலிக்குள் அடக்கம். எத்தனை மைல் ஓட்டினார் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. கூப்பிட்ட நேரத்துக்கு ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. காளை இருந்த இடத்துக்கு எஞ்சின் வந்தபோது இந்த ஏற்பாடு அப்படியே டிரைவரின் தலைக்கு மாறியது. பின்னால் நானும் இறங்கிய இந்தத் தொழிலின் முக்கால்வாசிச் சண்டை இங்கேதான் பிறந்தது என்பது என் கருத்து.

பெரியப்பா இரண்டாம் உலகப் போர்ச் சமயத்தில் பட்டாளத்துக்குப் போனவர். அந்தப் போரில் இந்தியப் படை 25 லட்சம் பேர் அளவுக்குப் பெருகியது. கிராமத்துப் பையன்களுக்கு லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்த பெரிய பள்ளிக்கூடம் அதுதான். 1946-இல் டிஸ்சார்ஜ் காகிதத்தோடு ஊர் திரும்பியவருக்கு ராஜபாளையத்தில் உடனே வேலை கிடைத்தது. ஹேண்டில் போட்டுக் கிளப்பவும், கார்புரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டவும், நடுவழியில் டியூபுக்கு ஒட்டுப் போடவும் தெரிந்த ஆள் அன்றைக்கு அபூர்வம். பேசிய சம்பளம் 45 ரூபாய். அதே வருஷங்களில் மில்லில் சேர்ந்த அப்பாவுக்கு அதைவிடக் குறைவு. ஆனால் பஞ்சப்படி ஏற ஏற அப்பா சில வருஷத்தில் அண்ணனைத் தாண்டிவிட்டார். பெரியப்பாவின் கைத்தொழில் அப்பாவுடையதைவிடத் தாழ்ந்ததில்லை. ஒரு சம்பளம் தானாக ஏறியது, இன்னொன்று கேட்டால்தான் ஏறும். கேட்பதற்கு ஒரு நல்ல நாள் பார்க்க வேண்டும், முதலாளியின் முகம் பார்க்க வேண்டும், வீட்டில் கல்யாணமோ காரியமோ இல்லாத மாதம் பார்க்க வேண்டும். பெரியப்பா அப்படி மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறைதான் கேட்டார்.

அன்றைய சட்டம் ஒரு விஷயத்தில் டிரைவரை மதித்தது. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 3-ஆவது பிரிவின்படி, சம்பளத்துக்கு வண்டி ஓட்டுபவரின் லைசென்ஸில் அதற்கென்று தனி அனுமதி இருக்க வேண்டும். சொந்தக் காரை ஓட்டும் முதலாளி மகனுக்கு அது வேண்டாம். அதே காரைச் சம்பளத்துக்கு ஓட்டும் பெரியப்பாவுக்கு வேண்டும். இது தொழில் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட இடம் அது. ஆனால் அந்தத் தொழிலுக்கு எவ்வளவு கூலி, எத்தனை மணி நேரம் என்று அதே அரசாங்கம் சொல்லவில்லை. 1961-இல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, வாரம் ஒரு நாள் ஓய்வு. பஸ் டிரைவருக்கும் லாரி டிரைவருக்கும் அது பெரிய வரம். ஆனால் ஐந்து தொழிலாளியோ அதற்கு மேலோ வைத்திருந்த போக்குவரத்து நிறுவனத்துக்குத்தான் அது செல்லுபடியானது. ஒரு கார், ஒரு டிரைவர் இருந்த வீட்டுக்குள் அந்தச் சட்டம் நுழையவில்லை.

பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளிதான் என்றாலும் இரண்டு ஊரிலும் வேலை ஒன்றுபோல் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு ஊர். மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட முதன்மை நீதிமன்றம் இன்றைக்கும் இங்கேதான். ஆகவே இங்கே டிரைவர் வைத்தவர்கள் வக்கீல், டாக்டர், கொஞ்சம் நிலபுலன் உள்ளவர்கள். சம்பளம் குறைவு, ஆனால் கோர்ட்டு மணி அடித்தால் வேலை தொடங்கும், மாலையில் முடியும். ராஜபாளையத்தில் பஞ்சு, நூல், மில். சம்பளம் கூடுதல், கடிகாரம் கிடையாது. விடியற்காலையில் பஞ்சு பார்க்கக் கிளம்பினால் கோயம்புத்தூரோ குண்டூரோ, திரும்புவது என்றைக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு வர முடியாது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த டிரைவர்கள் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வயதில் வக்கீல் வீட்டையும், பெண்ணின் கல்யாணத்துக்குப் பணம் சேர்க்கும் வயதில் மில் வீட்டையும் தேடினார்கள். சம்பளம் என்றால் ரூபாயும் நேரமும் சேர்ந்ததுதான் என்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை.

நான் வராண்டாவில் நின்றது 1979-இல். அதற்கு முன் பஞ்சுப் பொதி ஏற்றும் லாரியில் கிளீனராக இருந்து, டிரைவர் சாப்பிடப் போகும் நேரத்தில் ஸ்டியரிங் பிடித்துப் பழகியவன். போகும் முன் பெரியப்பா ஒன்றுதான் சொன்னார்: 'எவ்வளவுன்னு கேட்டா, நீங்க பார்த்துச் செய்யுங்கன்னு மட்டும் வாயத் திறந்துராத. முப்பது வருஷம் அதச் சொல்லித்தான் நான் இப்படி இருக்கேன்.'

பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு பெரிய வீடு. வெள்ளை அம்பாசடர், கை கியர். முதலாளி பேசவில்லை, கணக்குப்பிள்ளைதான் பேசினார். முதலில் வண்டியை ரிவர்ஸில் ஷெட்டுக்குள் விடச் சொன்னார். தெரு குறுகல், ஒரு பக்கம் சாக்கடை, ஷெட்டின் நிலைக்கும் வண்டிக்கும் இரண்டு பக்கமும் ஒரு சாண் கூட இருக்காது. ஒரே மூச்சில் விட்டேன். இறங்கி வந்ததும், 'எவ்வளவு எதிர்பார்க்கிற?' என்றார்.

'முந்நூத்தம்பது' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பெரியப்பா சொன்னதிலிருந்து நானே எடுத்துக்கொண்ட இரண்டாவது பாதி அது. தொகையைச் சொன்ன பிறகு, அடுத்த பேச்சு அவர்களுடையதாக இருக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை 250 என்றார். நான் பேசவில்லை. முதலாளி, அவருடைய அம்மா, கணக்குப்பிள்ளை மூன்று பேரும் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். ராஜபாளையத்து ராஜுக்கள் வீட்டில் தெலுங்குதான். எனக்கு அது புரியாது என்று அவர்கள் நினைத்திருக்கலாம். சின்ன வயதிலிருந்து அந்தத் தெருக்களில் அப்பாவுக்குச் சோற்றுத்தூக்கு கொண்டுபோனவன் நான். உள்ளே சாய்வு நாற்காலியில் இருந்த முதலாளியின் அம்மா, அந்த வீட்டுப் பெரியம்மா, 'மூடு வந்தலு' என்றது எனக்குத் தெளிவாகக் கேட்டது. முந்நூறு. அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் ஏற மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. முந்நூறுக்குத் தலையாட்டினேன். வெளியூர் போனால் பேட்டா ஐந்து ரூபாய், ராத்திரி தங்கினால் பத்து. அதையும் கேட்டு வாங்கினேன்.

கடைசியாக, 'வாரத்துல எந்த நாள் லீவு மொதலாளி?' என்று கேட்டேன்.

முதலாளி அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார். கோபமில்லை. நிஜமாகவே அவருக்கு ஆச்சரியம். 'வண்டி நிக்கிற நாளெல்லாம் ஒனக்கு லீவுதானப்பா' என்றார்.

இந்த ஒரு வரியில் என் தொழிலின் வரலாறு முழுக்க இருக்கிறது. வண்டி நிற்கும்போது டிரைவர் எங்கே இருக்கிறான்? வண்டிக்குப் பக்கத்தில் இருக்கிறான். கல்யாண மண்டபத்து வாசலில், கோர்ட்டு வேப்பமரத்தடியில், மதுரை ஆஸ்பத்திரி கார் நிறுத்தத்தில், ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் பார்க்க வந்த உறவினரைத் தேரடியில் இறக்கிவிட்டு, வண்டி நுழைய முடியாத கூட்டத்துக்கு வெளியே. குற்றாலத்தில் சாரல் விழும் மாதம் வந்தால் குடும்பம் அருவியில் நிற்கும், நாங்கள் காரில் ஈரத்துணியைக் காயப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஸ்பீடாமீட்டர் ஓடாத அந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஓட்டிய நேரத்தைப் போல இரண்டு பங்கு, மூன்று பங்கு வரும். அந்த நேரத்தில் டிரைவர் வேறு வேலை செய்ய முடியாது, தூங்க முடியாது, பீடி வாங்க நூறு அடி தள்ளிப் போனாலும் அந்த நிமிஷம்தான் முதலாளி வெளியே வருவார். 1961 சட்டம் பஸ்–லாரித் தொழிலாளிக்கு வேலை நேரம் என்றால் என்ன என்று விளக்கும்போது, முதலாளியின் ஏவலுக்கு அவன் கட்டுப்பட்டிருக்கும் நேரத்திலிருந்துதான் தொடங்கியது. அதே விளக்கத்தை வீட்டு டிரைவருக்கும் வைத்திருந்தால் 'வண்டி நிக்கிற நாள் லீவு' என்ற பேச்சே எழுந்திருக்காது.

பேட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. அதை டிரைவர்கள் பிடுங்கும் காசு என்று நினைப்பவர்கள் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தில் முகாமை விட்டு வெளியே போகும் சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் சம்பளத்துக்கு மேல் கொடுத்த படிதான் பேட்டா. 1766-இல் ராபர்ட் கிளைவ் வங்காளத்தில் அதை வெட்டியபோது வெள்ளைக்கார அதிகாரிகள் கூட்டமாக வேலையை விட்டு விலகினார்கள். வீட்டுச் சோறு இல்லாத இடத்தில் வேலை செய்பவனின் சாப்பாட்டுக் காசு அது. ராஜபாளையத்திலிருந்து சென்னைக்கு 550 கிலோமீட்டர். விடிய விடிய ஓட்டிப் போய் இறக்கிவிட்டு, பத்து ரூபாயில் இரண்டு வேளை சாப்பிட்டு, லாட்ஜ் வாசலில் காரின் முன் சீட்டிலேயே படுத்து எழுந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அம்பாசடரின் முன் சீட் ஒரே பலகையாக நீளமாக இருந்தது எங்களுக்குச் செய்த புண்ணியம். சின்னக் கார்கள் வந்த பிறகு அந்தப் படுக்கையும் போயிற்று.

சம்பளத்துக்குப் பதிலாக வந்தவையும் உண்டு. தீபாவளிக்கு வேட்டி சட்டை, வீட்டுக்காரிக்குச் சேலை. பொங்கலுக்கு அரிசி. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு. என் மகளின் படிப்புக்கு அந்த வீட்டுப் பெரியம்மா கட்டிய பணத்தை நான் உயிருள்ளவரை மறக்க மாட்டேன். இப்போது எழுதும்போதும் கைகூப்பித்தான் எழுதுகிறேன். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். அந்தப் பணம் அன்பினால் வந்தது, ஆகவே கணக்கில் எழுத முடியாது, அடுத்த வருஷம் வரும் என்று நம்பியிருக்கவும் முடியாது. அது வந்த வருஷங்களில் சம்பள உயர்வு கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கிய டிரைவர்களின் பாடு இன்னும் கஷ்டம். மாதாமாதம் கழியும் வரை வேறு வீட்டை நினைத்துப் பார்க்கவும் முடியாது. மில்லில் போனஸ் என்றால் அன்றைக்கு 1965 சட்டப்படி உரிமை. அதன் குறைந்த அளவு பிறகு 8.33 சதவீதம் என்று ஆயிற்று. வருஷச் சம்பளத்தில் அது சரியாக ஒரு மாதச் சம்பளம். நல்ல வீடுகள் டிரைவருக்கும் அதே ஒரு மாதச் சம்பளத்தைத் தீபாவளிக்குக் கொடுத்தன. மில்லில் கொடுக்காவிட்டால் சங்கம் கேட்கும். வீட்டில் கொடுக்காவிட்டால் கேட்க ஆளில்லை.

சில முதலாளிகள் வீட்டு டிரைவரை மில் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். அது டிரைவருக்கு நல்லதாகவே முடிந்தது: பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., ஓய்வு பெறும்போது கையில் ஒரு தொகை. எழுதாதவர்களின் டிரைவர் பிறகு வழக்குக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1978-இல் உச்ச நீதிமன்றம் ஒரு பதில் சொன்னது. பஞ்சாப் நேஷனல் வங்கி தன் ஏரியா மேனேஜருக்கு ஜீப்பும், டிரைவர் வைத்துக்கொள்ளப் படியும் கொடுத்திருந்தது. ஜீப் வங்கியுடையது, ஓடியதும் வங்கி வேலைக்கு. ஓட்டியவர் தன்னை வங்கி ஊழியர் என்று கோரினார். அவர் மேனேஜரின் சொந்த டிரைவர், வங்கிக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பில்லை என்று தீர்ப்பாயிற்று. சம்பளம் யார் கையிலிருந்து வருகிறது என்பதை முதல் நாளே கேட்டு வைக்க வேண்டும் என்று நான் இளைஞர்களிடம் சொல்வது இதனால்தான்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதுவரை கார் வைத்திருப்பவர் என்றால் டிரைவர் வைத்திருப்பவர். மாருதியை முதலாளி மகன் தானே ஓட்டினான், கொஞ்ச நாளில் மகளும் ஓட்டினாள். 1988-இல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் இயற்றி 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். சம்பளத்துக்கு ஓட்டத் தனி அனுமதி வேண்டும் என்ற பழைய வாசகம் அதில் இல்லை. கார் லைசென்ஸ் வைத்திருக்கும் யாரும் வீட்டு டிரைவராகலாம். மக்களுக்கு அது வசதி, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பேரம் பேசும் பலம் அந்த இரண்டு அடியில் பாதியாகக் குறைந்தது. 'நீ இல்லாட்டி இன்னொருத்தன்' என்ற பேச்சை வராண்டாக்களில் நான் கேட்க ஆரம்பித்தது தொண்ணூறுகளில்தான்.

அதே காலத்தில் எங்கள் தெருவிலிருந்து ஆட்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் ஹவுஸ் டிரைவர் விசாவில் போனார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்ட வீடுகளும், மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி வைத்த வீடுகளும் அங்கே உண்டு. அந்தக் கதைகளைக் கேட்டு நாங்கள் தூங்காத ராத்திரிகள் உண்டு. ஆனாலும் திரும்பி வந்தவர்கள் ஒன்றைக் கொண்டுவந்தார்கள்: ஒப்பந்தக் காகிதம். சம்பளம் இவ்வளவு, வேலை இது, விடுப்பு இவ்வளவு, ஊர் போக டிக்கெட் யார் செலவு என்று எழுதியிருந்தது. 2015-இல் குவைத் வீட்டு வேலையாட்களுக்குத் தனிச் சட்டமே போட்டது. நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரம் ஒரு நாள் விடுப்பு, வேலையை விட்டுப் போகும்போது வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம். அதற்கு முன்பே, 2011-இல், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. ஒரு குடும்பத்துக்காக வேலை செய்பவர் எல்லாரும் அதில் வருவார்கள், டிரைவர் உட்பட. இந்தியா அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டது, ஆனால் இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை.

இப்போது காலம் மறுபடி திரும்பியிருக்கிறது. பிள்ளைகள் சென்னையிலும் அமெரிக்காவிலும். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் வீட்டுக்கு வீடு கார் நிற்கிறது, ஓட்ட ஆளில்லை. வயதான இரண்டு பேர் மட்டும் இருக்கிறார்கள். டிரைவர் என்பவர் இன்றைக்கு ஆஸ்பத்திரியில் டோக்கன் போடுபவர், ஸ்கேன் ரிப்போர்ட் வாங்குபவர், படியில் கைப்பிடித்து இறக்குபவர். கூப்பிடும் வீட்டுக்கு அன்றன்றைக்கு ஆக்டிங் டிரைவராகப் போனால் ஒரு நாளைக்கு 800, 1000 கிடைக்கிறது. ஆகவே மாதச் சம்பளத்துக்கு ஒரு இளைஞனை நிறுத்தி வைப்பது லேசில்லை.

போன வருஷம் என் அக்கா மகனுக்கு ஒரு வீட்டில் பேச்சு. கூட வாங்க மாமா என்றான், போனேன். ஓய்வு பெற்ற வாத்தியார், அவர் மனைவியும் டீச்சர். மகன் வெளிநாட்டில், வீடியோ காலில் இருந்தான். 'அங்கிள், அங்க இப்ப மார்க்கெட் ரேட் என்ன?' என்று என்னைக் கேட்டான். 'எத்தனை மணி நேரம்னு சொல்லுங்க தம்பி, அப்புறம் ரேட் சொல்றேன்' என்றேன். அதை அவன் யோசித்திருக்கவில்லை. 15,000 கொடுக்கலாம், எப்போது கூப்பிட்டாலும் வர வேண்டும் என்பதுதான் அவன் கணக்கு.

வாத்தியார் நல்ல மனுஷன். அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான்: 'வாரத்துல மூணு நாள்தான் வண்டி ஓடும் தம்பி. மத்த நாள் நீ சும்மாதானே இருப்ப?'

என் மருமகன் குரலை உயர்த்தாமல் சொன்னான்: 'அந்த மூணு நாளுக்கு மட்டும் வரச் சொன்னா கொறச்சே வாங்கிக்கறேன் சார். மத்த நாள் ஆக்டிங் போயிருவேன். தினமும் இங்கதான் இருக்கணும்னா, அது சும்மா இல்ல சார்.'

வாத்தியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. டீச்சரம்மாதான் நோட்டுப் புத்தகத்தில் இரண்டு தாள் கிழித்து எழுத ஆரம்பித்தார். காலை 8 முதல் மாலை 6. ஞாயிறு விடுப்பு. சம்பளம் 16,000. ஆறு மணிக்கு மேல் மணிக்கு 100. மதுரை போனால் பேட்டா 300. ராத்திரி தங்கினால் 500, படுக்க இடம் அவர்கள் பொறுப்பு. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம். ஒவ்வொரு சித்திரையிலும் சம்பளத்தை உட்கார்ந்து பேசுவது. வேலையை விடுவதானாலும் விடச் சொல்வதானாலும் ஒரு மாதம் முன்னால் சொல்வது. இரண்டு பிரதி, இரண்டிலும் இரண்டு பேர் கையெழுத்து. என் மருமகன் நாற்காலியில் உட்கார்ந்துதான் கையெழுத்துப் போட்டான். என் தலைமுறையில் அந்த வீட்டு நாற்காலி எங்களுக்கு இல்லை.

அதன் பிறகு நான் ஒன்று கேட்டேன்: கார் இன்சூரன்ஸ் தாளைக் கொஞ்சம் காட்டுங்கள். சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்கான பொறுப்பு என்று அதில் ஒரு வரி உண்டு. வருஷத்துக்கு 50 ரூபாய்தான் பிரீமியம். வண்டியில் டிரைவருக்கு ஏதாவது நேர்ந்தால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி முதலாளி கொடுக்க வேண்டிய தொகையை அந்த வரி ஏற்கும். அந்தத் தாளில் அந்த வரிக்கு நேரே ஒன்றும் இல்லை. அடுத்த புதுப்பித்தலில் சேர்த்துவிட்டார்கள்.

வீட்டில் டிரைவர் வைத்திருக்கும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க் குடும்பங்களிடம் நான் கேட்பது மூன்றே காரியம். அவர் உங்களுக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் வேலை நேரமாக எழுதுங்கள். பேசியதை ஒரு தாளில் இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அவர் கையில் கொடுங்கள். இன்சூரன்ஸ் தாளில் டிரைவருக்கான அந்த 50 ரூபாய் பிரீமியம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். டிரைவர் தம்பிமாரே, நீங்கள் லைசென்ஸோடு அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்று கேட்டால், மணி நேரத்தைக் கேட்டுவிட்டுத் தொகையைச் சொல்லுங்கள்.